ஆள் இல்லாத பதினான்கு வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் என் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பக்கத்தை எடுத்தாள், பக்கத்து வேலியை எடுத்தாள். பிறகு என் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாளித் தண்ணீர் எப்படியும் எலுமிச்சை மரத்துக்குப் போக வேண்டியதுதான்.

“யாரைத் தேடறீங்க?”

அவள் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த காகிதங்கள் என் புல்தரையில் சிதறின.

“நீங்க இந்த வீட்டைச் சுத்தம் பண்ண வந்தவங்களா?” என்றாள்.

“சுத்தம் பண்றதும் நான்தான், அழுக்குப் பண்றதும் நான்தான். இது என் வீடு.”

“இங்கயா குடியிருக்கீங்க?”

“நாப்பத்தோரு வருஷமா.”

“இல்லியே,” என்றாள் அந்தப் பெண். காகிதங்களைப் பொறுக்கி ஒன்றை விரித்து என்னிடமே காட்டினாள். “மெல்ரா தெரு, பன்னெண்டாம் நம்பர். காலி. ஆறு வருஷமா காலி.”

“அப்போ நான் யாரு?”

அவள் என்னையும் வாளியையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “கணக்குப்படி நீங்க இல்ல,” என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. இன்னும் சாகவில்லை என்பதற்குச் சாட்சியாக எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். “ஆர்ச்சி, கொஞ்சம் வா. நான் இல்லைங்கறாங்க.”

ஆர்ச்சி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எங்கே இரண்டு பேர் நின்று பேசினாலும் மூன்றாவது ஆளாக வந்துவிடுவார். அன்றைக்கும் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

“என்ன நெரிடா, யாரு இது?”

“என்னைக் காலின்னு சொல்ல வந்திருக்காங்க.”

“அது எனக்கு எப்பவோ தெரியும், நெரிடா,” என்றவர் அவளிடம் திரும்பினார். “நான் அஞ்சாம் நம்பர். நான் இருக்கேனா?”

அவள் விரலை வைத்துத் தேடினாள். முகம் வெளுத்தது. “நீங்களும் இல்ல.”

அவளை உள்ளே கூட்டிவந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். பெயர் பிரியோனி ஹாக். நகரத்தில் மனைத் தொழில் பேரவை என்று ஒன்று இருக்கிறது. வீடு கட்டுகிறவர்களும் விற்கிறவர்களும் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு. அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. ஊரில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் காரில் தூங்குகிறார்களே, அதற்கு என்ன வழி என்று எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு.

“காலி வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சே?” என்றார் ஆர்ச்சி.

“தண்ணி மீட்டரை வெச்சு. ஒரு வீடு நாளுக்கு அம்பது லிட்டருக்குக் கீழ தண்ணி எடுத்தா அங்க யாரும் இல்லைன்னு அர்த்தம். மனுஷன் இருந்தா குளிப்பான், துவைப்பான், கழிவறைக்குப் போவான் இல்லியா? எந்தக் கஞ்சனும் அம்பது லிட்டருக்குள்ள வாழ முடியாது.”

நானும் ஆர்ச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நீ குடிக்கற தேநீர்,” என்றேன், “ஷவர்ல சுடுதண்ணி வர்ற வரைக்கும் வீணாப் போற பச்சைத் தண்ணி. வாளி வெச்சுப் பிடிச்சேன். சுத்தமான தண்ணிதான், பயப்படாதே.”

அவள் கோப்பையை மேஜையில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி எடுத்துக் குடித்தாள்.

“மழைத் தொட்டி ரெண்டு பின்னால இருக்கு,” என்றார் ஆர்ச்சி. “கழிவறை, துணி, தோட்டம் எல்லாம் அதுலதான். இது பஞ்சக் காலத்துப் பழக்கம். ஆளுக்கு நூத்தம்பத்தஞ்சு லிட்டர்னு அரசாங்கம் டிவில சொல்லிச்சே, அப்போ இந்தத் தெருல ஒரு போட்டி ஆரம்பிச்சோம். யாரு மீட்டர் கம்மியா ஓடுதுன்னு. பஞ்சம் போயிடுச்சு. போட்டி நிக்கல.”

“ஏன் நிக்கல?”

“பக்கத்து வீட்டு ஸ்டாவ்ருலா ஜெயிச்சுக்கிட்டு இருந்தா. அவ ஜெயிச்ச நிலைமைல எப்படி நிறுத்தறது?”

பிரியோனி தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். “தெருல பதினஞ்சு வீடு. பதினாலு காலி. ஒண்ணுலதான் ஆள் இருக்கு. எட்டாம் நம்பர்.”

ஆர்ச்சிக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நாற்காலியோடு ஆடினார். எனக்கும் தாங்கவில்லை. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன?”

“எட்டாம் நம்பர்ல ஆறு வருஷமா ஒரு ஈ கூட இல்ல, கண்ணு,” என்றேன். “சொந்தக்காரர் வெளிநாட்டுல. தானா ஓடற தெளிப்பான் மட்டும் தினம் காலைல புல்லுக்குத் தண்ணி அடிக்கும். மழை கொட்டினாலும் அடிக்கும்.”

ஆக, தெருவில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் இல்லை என்றும், இல்லாத ஒருவரை மட்டும் இருக்கிறார் என்றும் மூன்று வருட ஆராய்ச்சி கண்டுபிடித்திருந்தது.

ஆர்ச்சி வெளியே ஓடிப்போய் இந்தச் செய்தியைத் தெருவுக்குச் சொல்லிவிட்டார். கோபப்படுவார்கள் என்று பிரியோனி பயந்தாள். பத்து நிமிடத்தில் என் முன்கதவில் ஏழு பேர் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை.

“காலி வீடுன்னு நினைக்கற அளவுக்குக் கம்மியா?” என்றாள் பத்தாம் எண் ஸ்டாவ்ருலா. கையில் மாவு ஒட்டியிருந்தது. “தனாசி, கேட்டியா? அரசாங்கமே சொல்லிடுச்சு. நாம இல்லவே இல்லியாம்.”

“அரசாங்கம் இல்ல, பேரவை,” என்றாள் பிரியோனி.

“யாரா இருந்தா என்ன. எழுத்துல குடுப்பீங்களா? மாட்டி வைக்கணும்.”

அவள் கணவர் தனாசி பிரியோனியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லோரும் போனபிறகு பிரியோனி எழுந்திருக்கவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. ஓட்ஸ் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

“வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அமைச்சர் இந்தத் தெருவுக்கு வர்றாங்க,” என்றாள். “இங்க நின்னுதான் அறிவிக்கப் போறாங்க. முழுத் தெருவும் காலிங்கறதால அவங்க ஆபீஸே இதைத் தேர்ந்தெடுத்தாங்க. படம் நல்லா வருமாம்.”

“எதை அறிவிக்க?”

“என் திட்டத்தை. ஊருக்கு வெளியே புல்வெளியைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டிக்கிட்டே போறோம். பள்ளிக்கூடம் கிடையாது, ரயில் கிடையாது. அதைவிட ஊருக்குள்ளயே இருக்கறதைத் திறந்து விட்டா போதும், புதுசா கட்டாமலே வீடு கிடைக்கும்னு நான் சொல்றேன். மூணு வருஷமா இதை ஒருத்தரும் காதுல வாங்கல. இப்பத்தான் அமைச்சர் வாங்கினாங்க. உங்க தெரு தப்புன்னா மத்த தெருவும் தப்பா இருக்கலாம். மொத்த அறிக்கையும் குப்பைக்குப் போயிடும். மறுபடி புல்வெளிதான்.”

“உன் வேலை?”

“ஜூன் கடைசி வரைக்கும் ஒப்பந்தம். இன்னும் மூணு வாரம்.” பிஸ்கட்டைக் கடித்தாள். “போன சனிக்கிழமை வாடகைக்கு ஒரு வீடு பாக்கப் போனேன். வரிசைல நாப்பது பேர். நாப்பதாவது ஆள் நான்.”

“வீட்டுத் தட்டுப்பாட்டை ஆராய்ச்சி பண்றவளுக்கே வீடு இல்லியா?”

“ஆராய்ச்சிக்கு வெளிய போகவே வேண்டியதில்ல. கண்ணாடியைப் பாத்தாப் போதும்.”

அப்போது அவள் தொலைபேசி அடித்தது. மேலதிகாரி ஃபெர்கஸ். கை முழுக்கப் பிஸ்கட் தூள் என்பதால் அதை மேஜையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

“பிரியோனி, இருபது நிமிஷம்தானே,” என்றார் ஃபெர்கஸ். “திரையை இழுத்து விட்டுட்டு உள்ள உக்காரச் சொல்லு. காரை அடுத்த தெருல விடச் சொல்லு. அமைச்சர் வருவாங்க, பேசுவாங்க, போயிடுவாங்க. தப்பை அடுத்த பதிப்புல சின்ன எழுத்துல திருத்திக்கலாம்.”

“அவங்க மனுஷங்க, ஃபெர்கஸ். ஒளிச்சு வைக்க முடியாது.”

“இவ்வளவு நாள் உன் கண்ணுக்கே தெரியாம இருந்தாங்களே. இன்னும் இருபது நிமிஷம் இருக்க மாட்டாங்களா?”

எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துப் போயிற்று. அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் ஸ்டாவ்ருலா வேலி வழியாக, மாவுக்குள் கீரை வைத்துச் சுட்ட பலகாரம் நீட்டினாள். நான் ஃபெர்கஸ் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். பிரியோனி பக்கத்தில் நின்றிருந்தாள்.

“இருபது நிமிஷமா?” என்றாள் ஸ்டாவ்ருலா. “முப்பது வருஷமா நகராட்சிக்காரன் வர்றப்போ எல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கோம். இருபது நிமிஷம் எந்த மூலைக்கு?”

“எதை ஒளிச்சு வெச்சீங்க?” என்று கேட்டாள் பிரியோனி.

ஸ்டாவ்ருலாவின் வாய் அப்படியே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் தனாசி கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல.”

“இந்தப் பலகாரம் இன்னும் சுடுதே,” என்றாள் பிரியோனி. “உங்க சமையலறை ஜன்னல் தெருவைப் பாத்துத்தான் இருக்கு. காலைல உள்ள பாத்தேன், அடுப்பு மேல பூச்சாடி இருந்துச்சு. அப்போ இதை எங்க சுட்டீங்க?”

ஆராய்ச்சிக்காரி என்பதை அப்போதுதான் நான் நம்பினேன்.

ஸ்டாவ்ருலா புருஷனைப் பார்த்தாள். புருஷன் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், காரேஜின் சுருள் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். மூவரும் குனிந்து நுழைந்தோம்.

உள்ளே முழுச் சமையலறை. நான்கு பர்னர் அடுப்பு, பெரிய தொட்டி, சுவர் நீளத்துக்கு அலமாரி, தக்காளிச் சாறு அடைத்த பாட்டில்கள். பின்னால் ஒரு குளியலறை, அதற்கும் பின்னால் கட்டில் போட்ட ஓர் அறை. தோட்டத்துப் பக்கம் தனிக் கதவு.

“வீட்டுக்குள்ள இருக்கறது பாக்கறதுக்கு,” என்றாள் ஸ்டாவ்ருலா. “இது சமைக்கறதுக்கு. உள்ள மீன் வறுத்தா திரைச்சீலை என்ன ஆகறது?”

“இந்த அறைல யாரு?”

“பையன் இருந்தான். பெர்த்துக்குப் போயிட்டான்.”

“வாடகைக்கு விடலியா?”

“அடுப்பு, குளியல், தனிக் கதவு மூணும் சேந்தா அது ரெண்டாவது வீடாம். அனுமதி வேணுமாம். கேட்டோம். தெருல ஒருத்தன் ஆட்சேபம் எழுதிப் போட்டான், அதோட போச்சு. இடிக்கச் சொல்லிடுவாங்களேன்னு மூடி வெச்சிருக்கோம்.”

“யாரு ஆட்சேபம் எழுதினது?”

“ஆர்ச்சி.”

பிரியோனி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாயிற்று. அவள் பார்த்த பார்வையில் நான் நிற்க முடியாமல், “சரி, வா,” என்று என் காரேஜுக்கு அழைத்துப் போனேன்.

என் கணவர் கெல்வின் உயிரோடு இருந்தபோது கட்டியது. இரண்டு பர்னர்தான், பின்னால் ஒரு சின்ன அறையும் குளியலறையும். அலமாரிக்குப் பழைய விரிப்பு போட்டு மூடியிருக்கிறேன். நாற்பத்தோரு வருடத்தில் அதைப் பார்த்த முதல் அந்நியப் பெண் அவள்தான்.

“நீங்களுமா, நெரிடா?”

“தக்காளிச் சாறு பாட்டில் போடறதுக்கு,” என்றேன். பொய்தான். நான் வருடத்துக்கு ஆறு பாட்டில்கூடப் போடுவதில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு மீதி நாளும் புதன்கிழமை முழுக்கவும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நானும் கூடப் போனேன், கதவு திறக்க என் முகம் வேண்டியிருந்தது. பல வீடுகளில் அதே நாடகம். முதலில் அப்படி எதுவும் இல்லை என்பார்கள். பிறகு, தெருவில் வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்பார்கள். பிறகு சுருள் கதவு முழங்கால் வரை ஏறும். எல்லோரும் எல்லோரிடமிருந்தும் ஒரே பொருளை ஒளித்துக்கொண்டிருந்தோம்.

ஆர்ச்சி வீட்டில் மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று.

“எங்கிட்ட கார்தான் இருக்கு,” என்றார்.

“கார் வெளிய நிக்குது, ஆர்ச்சி.”

“அது... இன்னொரு கார்.”

ஆறு பர்னர். ஏதோ ஹோட்டல் மூடும்போது வாங்கினாராம். அதன்மேல் ஒரு பானையில் இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“தனாசிக்கு ஆட்சேபம் எழுதினீங்களே,” என்றாள் பிரியோனி.

“அப்போ என்னோடது பாதி கட்டியிருந்தேன். அவனுக்கு ஆள் வந்து அளந்தா எனக்கும் வந்து அளப்பானே.”

புதன்கிழமை நான்கு மணிக்கு ஆர்ச்சியின் முன்தோட்டத்தில் எல்லோரும் கூடினோம். பிரியோனி காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். பதினான்கு வீட்டில் இருபத்துமூன்று பேர். படுக்கை அறை ஐம்பத்திரண்டு. முழுசாக ஒரு குடும்பம் தங்கக்கூடிய இரண்டாவது சமையலறை ஒன்பது.

“ஒம்பதா?” என்றது கூட்டம். “யாரு யாரு?”

“அதைச் சொல்ல மாட்டேன். ரெண்டு விஷயம். ஒண்ணு, நாளைக்கு யாரும் ஒளிய வேண்டாம். தப்பு என்னோடது, நானே சொல்லிடறேன். ரெண்டாவது, இந்த ஒம்பதுதான் உண்மையான கண்டுபிடிப்பு. சட்டத்துல ஒரு வரியை மாத்தினாப் போதும், ஒரு செங்கல் வைக்காம இங்க ஒம்பது குடும்பம் வந்துடலாம். ஆனா உங்க சம்மதம் இல்லாம அமைச்சர்கிட்ட அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். அபராதம் போட்டாங்கன்னா நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது. சம்மதம்னா கை தூக்குங்க.”

ஸ்டாவ்ருலாவின் கை ஏறியது. தனாசி அதைப் பிடித்துப் பாதியில் இறக்கினார். மற்றவர்கள் எல்லோரும் புல்லைப் பார்த்தோம். நானும்தான்.

“சரி,” என்றாள் பிரியோனி. “அரைக் கை.”

வியாழக்கிழமை மழை இல்லை, ஆனால் எங்கள் ஊரில் ஜூன் குளிர்காலம், மூக்கு நுனி உறையும் குளிர். பத்தரை மணிக்கே நாங்கள் மடக்கு நாற்காலிகளையும் போர்வைகளையும் கொண்டுவந்து நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். ஸ்டாவ்ருலா எலுமிச்சை சூப்பைக் குடுவையில் ஊற்றி வந்து கை மாற்றிக்கொண்டிருந்தாள். ஃபெர்கஸ் காரிலிருந்து இறங்கினார். நல்ல கோட்டு. “காலி வீடு, நிறையும் வீடு” என்று எழுதிய பெரிய பதாகை ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

“யாரு இவங்க எல்லாம்?” என்றார் பிரியோனியிடம்.

“காலி வீட்டுக்காரங்க,” என்றார் ஆர்ச்சி.

“அமைச்சர்கிட்ட அடுத்த தெருக்காரங்கன்னு சொல்லிடறேன்,” என்று ஃபெர்கஸ் முணுமுணுத்தார். அப்படியே சொல்லியும் விட்டார். அமைச்சர் மெரடித் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மைக் முன் போய் நின்றார். மூன்று கேமரா.

“இந்தத் தெருவைப் பாருங்க,” என்று ஆரம்பித்தார். “பதினாலு வீடு. அழகான வீடு. உள்ள ஒரு உயிர் இல்ல.”

ஆர்ச்சி தும்மினார். யாரோ “நல்லா இருங்க” என்றார்கள். ஒரு கேமராக்காரன் எங்கள் பக்கம் திரும்பினான்.

பிரியோனி மைக்கை நோக்கி நடந்தாள். ஃபெர்கஸ் அவள் கோட்டைப் பிடித்தார். அவள் கோட்டைக் கழற்றி அவர் கையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

“மன்னிக்கணும், மெரடித். இந்தப் பதினாலு வீடும் காலி இல்ல. வீட்டுக்காரங்க அதோ சூப் குடிக்கறாங்க. தண்ணி மீட்டரைப் பாத்து நான் எண்ணினேன். இவங்க தண்ணியே தொடறதில்ல. கணக்கு தப்பு, தப்பு என்னுது.”

எட்டாம் எண்ணில் தெளிப்பான் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அமைச்சர் கெட்டிக்காரி. சிரிப்பை மாற்றவே இல்லை. பல்லுக்குள் மட்டும் கேட்டார், ஒலிபெருக்கி அதையும் எங்களுக்குக் கொண்டுவந்தது: “அப்போ நான் எதை அறிவிக்க வந்தேன்?”

“வந்ததைத்தான். புதுசா கட்டாமலே இந்தத் தெருல வீடு கிடைக்கும். அது தப்பு இல்ல.”

“எங்க கிடைக்கும்?”

பிரியோனி எங்களைப் பார்த்தாள். நாங்கள் செருப்பைப் பார்த்தோம்.

“அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல,” என்றாள்.

ஃபெர்கஸ் வேகமாக வந்து மைக்கைப் பிடித்தார். “ஆராய்ச்சின்னா இப்படித்தான் சில சமயம். நம்ம பேரவைகிட்ட வேற திட்டம் தயாரா இருக்கு, நகரத்துக்கு வடக்கே அருமையான புல்வெளி—”

“தனாசி, சாவி,” என்றாள் ஸ்டாவ்ருலா.

“ஸ்டாவ்ருலா. டிவி பாக்குது.”

“பாக்கட்டும். நேத்தே துடைச்சு வெச்சுட்டேன்.”

எழுந்து போனாள். சுருள் கதவு கடகடவென்று மேலே ஏறியது. முழங்காலோடு நிற்கவில்லை, உச்சி வரைக்கும் போயிற்று. நான்கு பர்னரும் பளபளவென்று மின்ன, உள்ளேயிருந்து சுட்ட பூண்டு வாசனை தெரு முழுக்க வந்தது. கேமராக்காரர்கள் ஓடினார்கள். ஒருவன் ஒலிபெருக்கிக் கம்பியில் தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடினான்.

“இது என்ன?” என்றார் அமைச்சர்.

“ரெண்டாவது வீடு,” என்றாள் ஸ்டாவ்ருலா. “சட்டப்படி தப்பு. சாப்பிடறீங்களா?”

அமைச்சர் உள்ளே போய்க் கீரைப் பலகாரத்தைக் கடித்தார். மூன்று கேமராவும் அதைப் படம் எடுத்தன. ஆர்ச்சி என் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தார்.

“நாலு பர்னர்,” என்றார் என்னிடம். “நாலு பர்னருக்கு இவ்வளவு அமர்க்களமா.”

“பேசாம உக்காரு, ஆர்ச்சி.”

“எங்கிட்ட ஆறு இருக்கு.”

போர்வையை உதறிவிட்டு எழுந்தார். தெருவைக் கடந்து போய்த் தன் சுருள் கதவை ஒரே வீச்சில் தூக்கினார். “மெரடித், கண்ணு, இதையும் கொஞ்சம் பாருங்க,” என்று கூவினார். அவ்வளவுதான். மூன்றாம் எண் கதவு ஏறியது. பதினான்காம் எண் ஏறியது. எதிரே ஒன்று, மூலையில் ஒன்று. தெரு முழுவதும் கடகடவென்று இரும்புச் சத்தம், கூடவே சிரிப்பு, “அடிப்பாவி, உங்கிட்டயுமா,” “எத்தனை வருஷமாடா?” என்று கூச்சல். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் காரேஜுக்குள் ஒருவர் புகுந்து அடுப்பைத் திருகிப் பார்த்தார்கள். தனாசி ஆர்ச்சியின் ஆறு பர்னர் முன் போய் நின்று, அவர் முகத்தையே பார்த்தார்.

“ஆட்சேபம்,” என்றார் தனாசி. முப்பது வருடத்தில் அவர் ஆர்ச்சியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

“சூப் குடிச்சுக்கிட்டே பேசலாம்,” என்றார் ஆர்ச்சி.

எட்டுக் கதவு திறந்தாயிற்று. பிரியோனி தெரு நடுவில் கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். எட்டு என்றதும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை உட்கார்ந்தே இருந்திருப்பேன். எழுந்து போனேன். என் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. அமைச்சரின் உதவியாளன் ஒருவன் வந்து தோள் கொடுத்தான். ஏறியது. விரிப்பை இழுத்தேன்.

“ஒம்பது,” என்றாள் பிரியோனி.

அமைச்சர் எங்கள் நடுவில் வந்து நின்றார். கையில் இன்னும் பாதிப் பலகாரம் இருந்தது. “சட்டத்தை மாத்தினா இதை எல்லாம் வாடகைக்கு விடுவீங்களா?”

“மாட்டேன்,” என்றாள் ஸ்டாவ்ருலா.

பிரியோனியின் முகம் தொங்கிப்போயிற்று.

“இந்த அடுப்பை நான் யாருக்கும் விட மாட்டேன். நானும் தனாசியும் இங்க வந்துடறோம். பெரிய வீட்டை எடுத்துக்கச் சொல்லுங்க. அதுல நாங்க உக்காந்ததே கிடையாது.”

அமைச்சர் முதன்முறையாக, கேமராவுக்காக இல்லாமல் சிரித்தார். பிறகு மைக்குக்குப் போனார். மெல்ரா தெருவில் ஆறு மாதச் சோதனை. இரண்டாவது சமையலறைக்கு அபராதம் கிடையாது, ஆட்சேபக் கடிதம் கிடையாது. ஆள் வைக்கலாம். தேறினால் மாநிலம் முழுக்க. எழுதி வைத்த பேச்சு எதுவும் அவர் கையில் இல்லை.

ஃபெர்கஸ் கேமரா முன் நின்று, பேரவை இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறது என்றார். பிறகு பிரியோனியிடம் வந்து கோட்டைத் தோளில் போட்டார்.

“ஜூனுக்கு அப்புறமும் இரு,” என்றார். “யாராவது இதை எழுதணுமே. எனக்கு அடுப்பைப் பத்தி என்ன தெரியும்?”

“தண்ணி மீட்டர்?”

“அதை இனிமே தொடாதே.”

அவள் நடைபாதையில் என் மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் விக்கல் வந்தும் நிறுத்தவில்லை.

“நெரிடா, உங்க காரேஜை யாருக்கு விடப் போறீங்க?”

“உனக்கு விடலாம்னுதான் பாத்தேன்.”

“முடியாது. ஆராய்ச்சி பண்றவளே குடிவந்தா எண்ணிக்கை கெட்டுடும்.” விக்கினாள். “இன்னும் ஆறு மாசம் வரிசைல நிக்கறேன்.”

திங்கட்கிழமை அவள் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிவம் தயாரித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. நகராட்சிக்காரர். முப்பது வருடமாக நாங்கள் யாரைக் கண்டு சுருள் கதவை இழுத்து மூடினோமோ அவரேதான். மஞ்சள் சட்டை, இடுப்பில் அளவு நாடா. எனக்குப் பழக்கதோஷத்தில் கை காரேஜ் சாவிக்குப் போயிற்று.

“அளக்க வந்தீங்களா?” என்றேன்.

“ஆமா.” உள்ளே எட்டிப் பார்த்தார். “அந்தப் பட்டியல் எழுதற பொண்ணு இருக்காங்களா?”

“நான்தான்,” என்றாள் பிரியோனி.

அவர் கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“எங்க அம்மா நாலு தெரு தள்ளி இருக்காங்க. அவங்க காரேஜ்லயும் ஒண்ணு இருக்கு. அஞ்சு பர்னர். நான்தான் பொருத்திக் குடுத்தேன். சோதனை இந்தத் தெருவுக்கு மட்டும்தானா, இல்ல...”

பிரியோனி பேனா மூடியைக் கழற்றினாள்.

“முகவரி சொல்லுங்க,” என்றாள்.